நம் கையால் ஒரு கணினி



போன ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஈப்போவில் நம் கிளைப் பிள்ளைகள் ஏழு பேரோடு உட்கார்ந்து ஒரு கணினி செய்தேன். கடையில் வாங்கிய பாகங்களை ஒரு பெட்டிக்குள் மாட்டுவதைச் சொல்லவில்லை. வெறும் சர்க்யூட் போர்டில் ஒவ்வொரு காலாக ஈயம் வைத்து ஒட்டிச் செய்கிற, பழைய காலத்துக் கணினி. அதில் படம் வராது, இணையம் வராது, பாட்டு கேட்காது. எழுத்து மட்டும்தான் வரும்.

"இத வெச்சு என்னாண்ணே பண்றது?" என்று படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி முதல் நாளே கேட்டுவிட்டான்.

நல்ல கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் இந்தப் பாடத்தை அவனுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இது யாருடைய யோசனை?

1975 ஜனவரியில் அமெரிக்காவின் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ‘ஆல்டேர் 8800’ என்ற பெட்டியின் படம் வந்தது. பாகங்களை வாங்கி வீட்டிலேயே ஒட்டிச் செய்துகொள்ளக்கூடிய கணினி அது. அதுவரை கணினி என்றால் பெரிய கம்பெனியிலும் பல்கலைக்கழகத்திலும் குளிர்சாதன அறைக்குள் இருக்கும் பொருள். அந்த அட்டைப்படம் பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதே ஆண்டு மார்ச் 5ஆம் நாள் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் சிலர் கூடினார்கள். அதுதான் ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’. வீட்டிலேயே கணினி செய்பவர்களின் சங்கம்.

அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். தான் வடிவமைத்த போர்டை அங்கே கொண்டுவந்து காட்டி, வரைபடத்தையும் மற்றவர்களுக்குக் கொடுத்தார். 1976இல் அந்தப் போர்டு ‘ஆப்பிள்-1’ என்ற பெயரில் 666 டாலர் 66 காசுக்கு விற்பனைக்கு வந்தது. பெட்டி, விசைப்பலகை, திரை எல்லாம் வாங்கியவர் பாடு. இன்று நாம் கையில் வைத்திருக்கும் கருவிகளின் கதை, இளைஞர்கள் ஒன்றுகூடித் தெரிந்ததைப் பங்குபோட்ட ஒரு கொட்டகையையும் தொட்டுத்தான் வருகிறது. கிளை நடத்துகிற நாம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1976இல், ஜூலை மாதம், ஸைலாக் என்ற நிறுவனம் ‘இசட்80’ என்ற சிப்பை வெளியிட்டது. அதன் மூளையாக இருந்தவர் இத்தாலியில் பிறந்த ஃபெடரிக்கோ ஃபஜின். இசட்80 உலகமெல்லாம் போனது. 1980இல் வந்த ‘பேக்மேன்’ விளையாட்டு இயந்திரத்துக்குள்ளும், 1982இல் இங்கிலாந்தில் வந்த ‘ஸ்பெக்ட்ரம்’ வீட்டுக் கணினிக்குள்ளும் அது இருந்தது. 2024 ஏப்ரலில்தான் ஸைலாக் அந்தப் பழைய 40 கால் சிப்பின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கிட்டத்தட்ட 48 ஆண்டு ஓடிய சிப்பு!

நாங்கள் செய்தது இந்தச் சிப்பை வைத்துத்தான். இங்கிலாந்தின் ஸ்பென்சர் ஓவன் என்பவர் 2014இல் ‘ரெட்ரோ சேலஞ்ச்’ என்ற போட்டிக்காக வடிவமைத்த ‘ஆர்சி2014’ என்ற வகைக் கணினி அது. கிராண்ட் சர்ல் என்பவர், மிகக் குறைந்த சிப்புகளை வைத்து ஒரு முழுக் கணினியை எப்படிச் செய்யலாம் என்று முன்பே வரைந்து காட்டியிருந்தார். அந்த அடிப்படையில் எழுந்ததுதான் இதுவும்.

சிப்பின் முதுகில் நம் நாட்டுப் பெயர்

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் முன் நான் ஒன்றை முதலில் வீட்டில் செய்து பார்த்தேன். மேசையில் சிப்புகளைப் பரப்பி வைத்திருந்தபோது, பழைய போர்டு ஒன்றிலிருந்து கழற்றிய சிப்பை அம்மா எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் சின்ன எழுத்தில் ‘மலேசியா’ என்று அச்சடித்திருந்தது.

"இது நம்ம ஊர்ல செஞ்சதா தம்பி?"

செய்ததில் பாதி இங்கே நடந்தது என்றேன். அதுதான் உண்மை. சிப்புக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டு பெரும்பாலும் வேறு நாட்டில் தயாராகி வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, உலோகச் சட்டத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் கால்களோடு இணைத்து, கருப்புப் பிசினுக்குள் மூடி, சோதித்து, பெயர் அச்சடித்து அனுப்புகிற வேலை நம் நாட்டில் நடந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது. நம் ஈப்போவிலும் கார்செம், யூனிசெம் என்ற நிறுவனங்கள் இதே வேலையைச் செய்கின்றன.

அம்மாவுக்கு இது புது விஷயம் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். அம்மாவும் சின்ன வயதில் கோப்பை கழுவி, கட்டிப்பால் பொறுக்கியிருக்கிறார். 19 வயதில் ஃபேக்டரி பஸ் தோட்டத்து முச்சந்தி வரைக்கும் வர ஆரம்பித்ததும் அதில் ஏறியவர்தான். அதற்குப் பிறகு 26 ஆண்டு ஒரு சிப்புத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார். தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் எல்லாம் பார்த்தார். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது எங்கள் குடும்பம் ஈப்போவில் தாமான் வீட்டுக்கு வந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து, அதிலேயே வேலையும் பார்க்கிறேன். ஆனால் ‘அம்மா, நீங்க அங்க என்ன பாத்தீங்க?’ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ‘ஃபேக்டரில வேலை’ என்பதோடு என் ஆர்வம் முடிந்துவிட்டது. இது என் குறை. கதை பிறகு வருகிறது. முதலில் பாடம்.

பெரட்டுக் களம்

இசட்80 சிப்புக்கு 40 கால்கள். அவற்றில் 16 கால்கள் முகவரி சொல்ல, 8 கால்கள் தகவல் கொண்டுபோக, 13 கால்கள் கட்டளையும் கட்டுப்பாடும் பார்க்க, 1 கால் துடிப்பு வாங்க, 2 கால்கள் மின்சாரத்துக்கு. கூட்டிப் பாருங்கள், 40 வரும்.

ஒவ்வொரு கம்பியிலும் இரண்டே நிலைதான் உண்டு. மின்சாரம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 16 முகவரிக் கம்பிகளை இப்படி மாற்றி மாற்றி வைத்தால் 65,536 வெவ்வேறு எண்கள் கிடைக்கும். 8 தகவல் கம்பிகளில் 0 முதல் 255 வரை எந்த எண்ணையும் அனுப்பலாம்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு உதவியது அம்மா சொல்லும் பெரட்டுக் கதை. பெரட்டு என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது, பாட்டியிடம் கேளுங்கள். விடிவதற்கு முன் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார்கள். எல்லாரும் களத்தில் வந்து நிற்பார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் சொல்லுவார். பெயருக்கு உரியவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கத்தினால் கிராணிக்கு ஒன்றும் விளங்காது.

கணினியும் அப்படித்தான். இசட்80 தான் கிராணி. எல்லாப் போர்டுகளையும் செங்குத்தாகச் செருகி வைக்கும் அடிப்பலகைதான் பெரட்டுக் களம். முகவரிக் கம்பிகள் அந்தக் களம் முழுக்க ஓடுவதால், கிராணி சொல்லும் எண் எல்லாருக்கும் கேட்கும். எங்கள் கணினியில் 0 முதல் 8,191 வரை எண் சொன்னால் ரோம் சிப்பு பதில் சொல்லும். 32,768 முதல் 65,535 வரை சொன்னால் ரேம் சிப்பு பதில் சொல்லும். நடுவில் உள்ள எண்களுக்கு ஆளே இல்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் ரோம் மறக்காது, ரேம் மறந்துவிடும். ஆகவே கணினி எழுந்தவுடன் செய்ய வேண்டிய வேலையெல்லாம் ரோமில் எழுதப்பட்டிருக்கும். இசட்80 கண் விழித்ததும் முதலில் கூப்பிடும் எண் 0.

மணி அடிப்பது யார்? துடிப்புப் போர்டில் இருக்கும் படிகம். விநாடிக்கு 73,72,800 முறை அடிக்கும். ஏன் இந்த விசித்திர எண்? 64ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 1,15,200 வரும். மடிக்கணினியோடு பேசும் கம்பியில் விநாடிக்கு 1,15,200 பிட் போக வேண்டும். ஒரே மணியை வைத்து இரண்டு வேலைக்கும் கணக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காகவே அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆக, போர்டுகள் மொத்தம் ஆறு: அடிப்பலகை, துடிப்பு, இசட்80, ரோம், ரேம், மடிக்கணினியோடு பேசும் தொடர்புப் போர்டு. இதுதான் முழுக் கணினி. இசட்80க்குள் இருப்பது சுமார் 8,500 டிரான்சிஸ்டர். உங்கள் கைப்பேசிச் சிப்பில் பல நூறு கோடி. கைப்பேசிக்குள் நடப்பதை ஒரு மனிதன் முழுதாகத் தெரிந்துகொள்வது நடக்காத காரியம். இதை உங்களால் முடியும்.

ஒட்டும் முறை

சோல்டரிங் அயர்னைச் சுமார் 350 டிகிரிக்கு வையுங்கள். ஈயக் கம்பியை அயர்னில் உருக்கிக் கொண்டுவந்து போர்டில் அப்பாதீர்கள். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு இது. முதலில் அயர்ன் நுனியால் சிப்புச் சாக்கெட்டின் காலையும் போர்டில் உள்ள செப்பு வட்டத்தையும் ஒருசேரத் தொட்டு, ஒரு விநாடி சூடாக்குங்கள். பிறகு மறுபக்கத்திலிருந்து ஈயத்தைக் காட்டுங்கள். சூட்டில் அது தானாக ஓடிச் சுற்றிலும் பரவும். முதலில் ஈயத்தை எடுங்கள், பிறகு அயர்னை எடுங்கள். ஆறும்வரை போர்டை ஆட்டாதீர்கள். நல்ல ஒட்டு சின்ன மலைபோல் சரிந்து பளபளப்பாக இருக்கும். கெட்ட ஒட்டு உருண்டையாக, மங்கலாக உட்கார்ந்திருக்கும்.

சிப்பை நேரடியாக ஒட்டாமல் சாக்கெட்டை மட்டும் ஒட்டுங்கள். சிப்பை மாட்டும்போது அதன் ஒரு முனையில் உள்ள பிறைக் குறி போர்டில் வரைந்த குறியோடு ஒத்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் சிப்பு சூடாகிச் செத்துவிடும். ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வரும். சிப்பு திடீரென்று மின்சாரம் கேட்கும்போது கைகொடுக்கும் தண்ணீர்க் குடம் அது. மறந்துவிடாதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகர வேண்டாம். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் பலகாரத்தைத் தொடாதீர்கள்.

ஓடவில்லை என்றால்?

என்னுடையது ஓடவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து ஆறு போர்டையும் ஒட்டி, மடிக்கணினியோடு இணைத்து, 5 வோல்ட் கொடுத்தேன். திரையில் ஒன்றும் இல்லை. ஒரு புள்ளிகூட வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் போர்டைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தேகப்படாமல், ஒவ்வொன்றாக ‘இது நல்லது’ என்று உறுதி செய்துகொண்டே போக வேண்டும்.

முதல் சோதனை: ரோம், ரேம், தொடர்பு மூன்று போர்டுகளையும் கழற்றிவிடுங்கள். 8 தகவல் கம்பிகளையும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாகத் தரைக் கம்பியோடு இணையுங்கள். இப்போது இசட்80 எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் வரும் பதில் 0. இசட்80 பாஷையில் 0 என்றால் ‘ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ’. அதனால் அது 0, 1, 2, 3 என்று 65,535 வரை கூப்பிட்டுக்கொண்டே போய், மறுபடியும் 0க்கு வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் 4 துடிப்பு செலவாகும். கணக்குப் போட்டால் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 சுற்று. மேல்கோடி முகவரிக் கம்பியில் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடி விளக்கை வைத்தால், விநாடிக்கு 28 முறை படபடவென்று நடுங்கும்.

என் விளக்கு நடுங்கியது. அப்படியென்றால் மின்சாரம் நல்லது, துடிப்பு நல்லது, கிராணி நல்லவர். கோளாறு பதில் சொல்பவர்களிடம்.

இரண்டாம் சோதனை: மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ரோம் சாக்கெட்டின் ஒவ்வொரு காலும் தான் சேர வேண்டிய இடத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். 28 கால்களும் ‘பீப்’ என்றன. எல்லாம் சரி. ஆனால் கணினி ஓடவில்லை. இரண்டு வாரம் இப்படியே போனது. பிள்ளைகளின் வகுப்புக்கு இன்னும் ஐந்து நாள். எனக்கே ஓடாத ஒன்றை அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வகுப்பைத் தள்ளிவைக்கலாம் என்று கிளைத் தலைவருக்குச் செய்திகூட எழுதிவிட்டேன், அனுப்பவில்லை.

அம்மா பார்த்தது

அன்று இரவு அம்மா மேசைக்கு வந்து, "என்னா தம்பி, இன்னும் முடியலையா?" என்றார். போர்டைக் கையில் எடுத்தார். நான் வைத்திருந்த பூதக் கண்ணாடியை இடது கையில் பிடித்து, போர்டை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்தார். அவர் பிடித்த விதத்தைப் பார்த்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். 26 ஆண்டு பழகிய கை அது. வரிசை தப்பாமல், ஒவ்வொரு காலாக, கண் நகர்ந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இது ஒட்டல பாரு."

"எல்லாத்தையும் மீட்டர்ல பாத்துட்டேன்மா. பீப் அடிச்சது."

"நீ ஊசிய வெச்சு அமுக்குனா தொடும்தான்? கைய எடுத்தா விட்ரும். சுத்தி ஒரு கோடு ஓடுது பாரு. எங்க கம்பெனில இத லிஃப்ட்டுன்னு சொல்லுவோம். தங்கக் கம்பி ஒட்டுன மாதிரிதான் இருக்கும். ஒட்டியிருக்காது. சாச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

பார்த்தேன். ரோம் சாக்கெட்டின் 15ஆம் கால். ஈயத்துக்கும் காலுக்கும் நடுவே மயிரிழையில் ஒரு வளையம். நான் மீட்டர் ஊசியை அழுத்தும்போதெல்லாம் கால் ஈயத்தைத் தொட்டிருக்கிறது. எடுத்ததும் விலகியிருக்கிறது. என் சோதனையே கோளாறை மறைத்திருக்கிறது.

அந்த ஒரு கால் என்ன செய்தது தெரியுமா? 8 தகவல் கம்பிகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. அந்தக் கால் 8இன் கம்பி. எங்கள் ரோமில் முதல் கட்டளை 243. அதாவது 128, 64, 32, 16, 2, 1 சேர்ந்தது. இசட்80 பாஷையில் ‘வேலை முடியும்வரை குறுக்கே யாரும் பேசக்கூடாது’ என்று பொருள். காற்றில் தொங்கும் கம்பியைச் சிப்பு 1 என்று படித்துவிடலாம். அப்போது 8 சேர்ந்து 251 ஆகிவிடும். 251க்குப் பொருள் ‘யார் வேண்டுமானாலும் குறுக்கே பேசலாம்’. நேர் எதிர்! அடுத்த கட்டளை 195, ‘அந்த இடத்துக்குத் தாவு’. அது 203 ஆகி வேறு ஏதோ ஆகிவிடும். முதல் இரண்டு வார்த்தையே இப்படிப் புரண்டால் பிறகு எங்கே ஓடும்?

அயர்னை வைத்து இரண்டு விநாடி. ஈயம் உருகிப் பளபளவென்று காலைச் சுற்றிப் பரவியது. மின்சாரம் கொடுத்தேன். திரையில் எழுத்து வந்தது. புதிதாகத் தொடங்கவா, விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கேட்டது. பதில் கொடுத்ததும் 1978 மைக்ரோசாஃப்ட் பேசிக் என்று தன் பெயரைச் சொல்லி, ‘ஓகே’ என்று காத்து நின்றது.

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு சொன்னார்: "இத்தன வருஷம் இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இது போயி என்னா செய்யும்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

கேட்காமல் இருந்தது அவர் மட்டுமா? நானும்தானே.

தமிழில் வராதா?

பெயரை அடிக்கச் சொன்னேன். ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் தன் பெயரை அடித்தார். கணினி திருப்பிச் சொன்னது. "தமிழ்ல வராதா?" என்றார். அந்தக் கேள்வியையே எங்கள் வகுப்பின் கடைசிப் பாடமாக வைத்தேன்.

பழைய கணினித் திரைகளில் ஓர் எழுத்து என்பது பெரும்பாலும் 8 வரி, வரிக்கு 8 புள்ளி. புள்ளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு வரி ஓர் எண்ணாகிவிடும். ‘ட’ எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. முதல் ஆறு வரிக்கும் 128, ஏழாம் வரிக்கு 254, எட்டாம் வரிக்கு 0. ‘ப’ என்றால் இரண்டு பக்கமும் கோடு. ஆகவே முதல் ஆறு வரிக்கும் 130, பிறகு 254, 0. இந்த எட்டு எண்களைப் படித்து, 1 வரும் இடத்தில் நட்சத்திரமும் 0 வரும் இடத்தில் வெற்றிடமும் அச்சிடச் சொல்லிப் பிள்ளைகள் பேசிக் மொழியில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினார்கள். திரையில் நட்சத்திரங்களால் ஒரு ‘ப’ நின்றது. கைதட்டிய சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

உடனே ஒரு தங்கை ‘அம்மா’ என்று எழுத வேண்டும் என்றாள். ‘ம’ எப்படியோ வந்துவிட்டது. ‘அ’ வரவில்லை. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்க்கோடு எல்லாவற்றையும் 8 புள்ளிக்குள் அடைத்தால் கறைபோல் தெரிகிறது. கட்டத்தாளில் 16க்கு 16 போட்டதும்தான் ‘அ’ முகம் காட்டியது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் தமிழை நுழைப்பது ஏன் சிரமமாக இருந்தது என்று அவர்கள் கையாலேயே தெரிந்துகொண்டார்கள். அந்தச் சிரமத்தை 1980களிலேயே எதிர்கொண்டு ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியவர் நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். அவர் வடிவமைத்த ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இருக்கிறது. கணினி தமிழ் பேசியது தானாக நடந்ததில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கேள்வி கேட்டதால் நடந்தது.

அந்தத் தம்பியின் கேள்வி

‘இத வெச்சு என்னா பண்றது?’ இப்போது என் பதில் இது. இந்தக் கணினியை வைத்துப் பெரிதாக ஒன்றும் பண்ண முடியாது. ஆனால் இதைச் செய்து முடித்தவன், மூடிய பெட்டி எதைப் பார்த்தாலும் ‘இது நமக்கு விளங்காது’ என்று ஒதுங்கிப் போகமாட்டான். நம் தாத்தா பாட்டி வெட்டிய பால் எங்கே போய் என்னவானது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம் அம்மாமார்கள் பார்த்து அனுப்பிய சிப்பு எங்கே போய் என்ன செய்தது என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. உழைப்பு நம்முடையதாக இருந்தது, விவரம் வேறு இடத்தில் இருந்தது. மூன்றாம் தலைமுறையிலாவது இரண்டும் ஒரே கையில் சேரட்டும். எஸ்பிஎம் முடித்தபின் இந்தத் துறையில் போக நினைப்பவர்களுக்கு, 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பொலிடெக்னிக் நம் ஈப்போவிலேயே இருக்கிறது.

அந்தத் தம்பியின் அம்மாவும் இப்போது ஒரு சிப்புத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார். நான் சொன்ன கதையை அவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். கடைசி வகுப்பன்று வேலை முடிந்து, சீருடையோடு அவனைக் கொண்டுவந்து விட்டவர், திரும்பிப் போகாமல் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னோம். மகன் ஒரு ரேம் சிப்பைக் கையில் கொடுத்து, "இதாம்மா எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிக்கிறது" என்றான். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், என் அம்மா பார்த்த மாதிரியே.

பயிற்சி

1. 243, 195, 130 ஆகிய எண்களை 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்ற மதிப்புகளாகப் பிரித்து, எட்டுக் கம்பிகளில் எவை 1, எவை 0 என்று எழுதுங்கள்.

2. 16 முகவரிக் கம்பிக்கு 65,536 எண்கள். 10 கம்பி மட்டும் இருந்தால் எத்தனை எண்கள் கிடைக்கும்? (ஒரு கம்பி கூடினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்பதை வைத்துக் கண்டுபிடியுங்கள்.)

3. கட்டத்தாளில் 8க்கு 8 கட்டம் போட்டு ‘ட’, ‘ப’ இரண்டையும் வரையுங்கள். பிறகு 16க்கு 16 கட்டத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தை வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் உரிய எண்ணைக் கணக்கிடுங்கள்.

4. உங்கள் வீட்டில் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தவர் ஒருவரிடம் உட்காருங்கள். "நீங்க அங்க என்ன செஞ்சீங்க? எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதிக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். நான்கில் கடினமான பயிற்சி இதுதான். இதை முதலில் செய்யுங்கள்.